நரி முகமூடிக்குள் இருந்தவன்: 'ஒரிஜின்ஸ்' காட்டும் செப்டிமியஸும் வரலாற்றுச் செப்டிமியஸும்

கேள்வி இதுதான்: 'அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்' கேமில் வரும் லூசியஸ் செப்டிமியஸ் உண்மையாகவே வாழ்ந்தவனா? அவ்வளவு கொடியவனா? கதாநாயகன் பாயெக் அவனைக் கொல்லப் போகும் நேரத்தில் சீசர் ஏன் தடுத்துவிடுகிறார்?

இன்னும் முடிக்காதவர்கள் இதைப் பிறகு படித்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சி வரைக்கும் இதில் வருகிறது.

சுருக்கமாகச் சொன்னால், ஆமாம், வாழ்ந்தவன்தான். கேமில் பாயெக் வேட்டையாடும் முகமூடி மனிதர்களில் பெரும்பாலானவர்கள் கற்பனை. செப்டிமியஸும் எகிப்து அரண்மனை அதிகாரி பொத்தினஸும் அப்படியில்லை. ரோமானிய எழுத்தாளர்கள் பெயர் சொல்லிப் பதிவு செய்த ஆட்கள். ஆனால் செப்டிமியஸைப் பற்றி வரலாறு நமக்கு விரிவாகத் தருவது ஒரே ஒரு நாளைத்தான், அதிலும் ஒரு படகுப் பயணத்தை மட்டும்தான். கி.மு. 48 செப்டம்பர் 28. எங்கே பிறந்தான், எப்போது செத்தான் என்று எதுவும் இல்லை. கேம் அந்த ஒரு நாளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டுகிறது. அந்த ஒரு நாளைக் காட்டாமல் விட்டுவிட்டது. எனக்கு இந்தக் கேம் மேல் உள்ள பெரிய வருத்தமே அதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கேம் தரும் செப்டிமியஸ். 2017 அக்டோபரில் யூபிசாஃப்ட் மான்ட்ரியல் வெளியிட்ட இந்தக் கேமின் கதை, கிளியோபாட்ராவும் அவள் தம்பி பதின்மூன்றாம் தாலமியும் அரியணைக்குச் சண்டை போடும் காலத்தில் நடக்கிறது. சீவா பாலைவனச் சோலையின் காவலன் பாயெக். கோயிலுக்குள் ரகசியம் தேடி வந்த முகமூடிக் கூட்டத்தோடு நடக்கும் கைகலப்பில், பாயெக் கையிலிருந்த கத்தியே அவன் மகன் கெமு மேல் இறங்கிவிடுகிறது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போவதுதான் கதை. ஒவ்வொருவருக்கும் ஒரு விலங்குப் பெயர். செப்டிமியஸுக்கு நரி. காபினியானி என்ற ரோமானியக் கூலிப்படையின் தலைவன், முரடன், எதிராளியைக் குத்திக் குத்திப் பேசுகிறவன். நைல் போரில் பாயெக் அவனை அடித்துக் கீழே தள்ளுகிறான். அந்த நேரத்தில் சீசர் வந்து தடுக்கிறார். அப்புறம் அவன் சீசரின் ஆளாகவே மாறிவிடுகிறான். கடைசியில் ரோமில், சீசரை நெருங்கும் முன் பாயெக்கின் மனைவி அயா அவனைக் கொல்கிறாள்.

அவனுடைய உண்மையான குற்றமான, ரோமானியத் தளபதி பொம்பேயஸின் கொலையை நாம் பார்ப்பதில்லை. தலையில்லாத உடலைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். "செப்டிமியஸ் வேலை" என்று ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

இனி வரலாற்றில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

பொம்பேயஸ் சாதாரண ஆள் இல்லை. ரோமில் சீசருக்குச் சமமாக நின்ற ஒரே தளபதி. கி.மு. 48 ஆகஸ்ட்டில் கிரேக்கத்தின் ஃபார்சலஸில் சீசரிடம் தோற்றார். லெஸ்போஸ் தீவில் இருந்த மனைவி கொர்னீலியாவைக் கூட்டிக்கொண்டு, சைப்ரஸ் வழியாக எகிப்துக்கு வந்தார். சிறுவன் தாலமி அப்போது நைலின் கிழக்குக் கழிமுகத்தில் இருக்கும் பெலூசியத்தில், அக்காவுக்கு எதிராகப் படையோடு முகாமிட்டிருந்தான். வயது பதின்மூன்று பக்கம்தான். முடிவெடுத்ததெல்லாம் சுற்றியிருந்தவர்கள்: பொறுப்பாட்சி நடத்திய அரண்மனை அலி பொத்தினஸ், தளபதி அக்கிலஸ், கியோஸ் தீவிலிருந்து சம்பளத்துக்கு வந்த பேச்சுக்கலை ஆசிரியர் தியோடோட்டஸ்.

அந்த ஆலோசனையைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் விவரித்திருக்கிறார். சிலர் பொம்பேயஸை வரவேற்கலாம் என்றார்கள், சிலர் விரட்டிவிடலாம் என்றார்கள். தியோடோட்டஸ் இரண்டையும் மறுத்தார். வரவேற்றால் சீசர் எதிரியாவார், பொம்பேயஸ் எஜமானர் ஆவார். விரட்டினால் இவருக்கும் கோபம், அவருக்கும் கோபம். கொன்றுவிட்டால் ஒருவருக்கு நல்ல பிள்ளை, இன்னொருவரிடம் பயம் இல்லை. "செத்தவன் கடிக்க மாட்டான்" என்று சிரித்துக்கொண்டே முடித்தாராம்.

பொம்பேயஸ் எச்சரிக்கையான மனிதர். கப்பலை விட்டு அவரை எப்படி இறக்குவது? இங்கேதான் செப்டிமியஸ் வருகிறான்.

அக்கிலஸ் கரையிலிருந்து ஒரு சின்ன மீன்பிடிப் படகில் புறப்பட்டான். கூடவே செப்டிமியஸ், சால்வியஸ் என்ற நூற்றுவர் தலைவன், மூன்று நான்கு வேலையாட்கள். ஒரு ரோமானியத் தலைவரை வரவேற்க இப்படி ஒரு படகா என்று கப்பலில் இருந்தவர்களுக்கே சந்தேகம். கடல் இங்கே ஆழமில்லை, பெரிய கப்பல் வராது என்று கிரேக்க மொழியில் சொன்னான் அக்கிலஸ். செப்டிமியஸ் எழுந்து நின்று, லத்தீனில் "இம்பராட்டர்" என்று அழைத்து வணக்கம் சொன்னான். வெற்றி பெற்ற தளபதியைப் படைவீரர்கள் அழைக்கும் பட்டம் அது. தோற்று ஓடி வந்த மனிதரை, சொந்த மொழியில், பழைய பட்டத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறான்.

சீசரே தன் 'உள்நாட்டுப் போர்' நூலில் இதைக் குறித்திருக்கிறார். கடற்கொள்ளையரை எதிர்த்து கி.மு. 67-இல் நடந்த போரில் செப்டிமியஸ் பொம்பேயஸின் கீழ் ஒரு பிரிவுக்குத் தலைவனாக இருந்தவன், அந்தப் பழக்கத்தை நம்பித்தான் பொம்பேயஸ் படகில் ஏறினார் என்று எழுதுகிறார். கொலை செய்ய அக்கிலஸ் ஒருவனே போதும். செப்டிமியஸைக் கூட்டிப் போனது அவன் கத்திக்காக மட்டும் இல்லை, அவன் முகத்துக்காக. பொம்பேயஸுக்குத் தெரிந்த முகம் அது. கேமில் அந்த முகத்தின் மேல் முகமூடி மாட்டிவிட்டார்கள். அங்கேயே கதை தலைகீழாகிவிடுகிறது என்பது என் எண்ணம். அவன் முகமூடி போட்டுக்கொண்டு வந்திருந்தால் பொம்பேயஸ் இறங்கியே இருக்க மாட்டார்.

படகில் ஏறும் முன் பொம்பேயஸ் மனைவியையும் மகனையும் திரும்பிப் பார்த்து, கிரேக்க நாடக ஆசிரியர் சொஃபோக்ளிஸின் இரண்டு வரிகளைச் சொன்னாராம்: கொடுங்கோலனின் வாசலுக்குள் போகிறவன், சுதந்திர மனிதனாகப் போனாலும் அங்கே அடிமைதான். அவரோடு படகில் இறங்கியவர்களில் அவர் விடுதலை கொடுத்த பழைய அடிமை பிலிப்பும் ஒருவன்.

கரை தூரமாக இருந்தது. படகில் யாரும் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. பொம்பேயஸ் செப்டிமியஸைப் பார்த்து, "நீ என் பழைய படைத்தோழன்தானே, நான் தப்பாகச் சொல்லவில்லையே?" என்று கேட்டார். செப்டிமியஸ் தலையை மட்டும் ஆட்டினான். ஒரு சொல் இல்லை.

மறுபடி அமைதி. பொம்பேயஸ் ஒரு சிறு சுருளை எடுத்து, தாலமியிடம் பேச கிரேக்கத்தில் தானே எழுதி வைத்திருந்த உரையைப் படிக்க ஆரம்பித்தார். கரை வந்தது. எழுந்திருக்க பிலிப்பின் கையைப் பிடித்தார். அப்போது பின்னாலிருந்து முதல் குத்து. குத்தியவன் செப்டிமியஸ். அப்புறம் சால்வியஸ், அப்புறம் அக்கிலஸ். பொம்பேயஸ் இரண்டு கையாலும் மேலங்கியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கெஞ்சவில்லை, முனகல் மட்டும்தான். கப்பலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களின் அலறல் கரை வரை கேட்டதாம். அவருக்கு ஏறக்குறைய 58 வயது, பிறந்தநாளை ஒட்டிய நாள்.

அந்தத் தலையாட்டலை என்னால் மறக்க முடியவில்லை. முதல் முறை படித்தபோது அதே இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்ப மேலே போய்ப் படித்தேன். கேமின் செப்டிமியஸ் பேசிக்கொண்டே இருக்கிறான். பாயெக்கைச் சீண்டுகிறான், சிரிக்கிறான். நிஜ செப்டிமியஸின் வாயிலிருந்து வந்ததாக நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஒரு வணக்கம் மட்டும்தான். அதற்குப் பிறகு மௌனம். வெட்கமா, பயமா, இல்லை ஒரு வேலையை முடிக்கப் போகிறவனின் அசட்டையா என்று புளூட்டார்க் சொல்லவில்லை. பாஸ் ஃபைட்டில் சிரிக்கிற வில்லனை இரண்டு நாளில் மறந்துவிடலாம். தலையாட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த ஆள் இரவில் ஞாபகத்துக்கு வருகிறான்.

சரி, ஒரு ரோமானிய அதிகாரி எகிப்து அரசனின் படையில் எப்படி? கேம் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறது. உண்மையில் கதையின் சாரமே இங்கேதான் இருக்கிறது.

பன்னிரண்டாம் தாலமி, அதாவது கிளியோபாட்ராவின் அப்பா, மக்கள் எதிர்ப்பால் நாட்டை விட்டு ஓடி ரோமுக்கு வந்தார். கடன் வாங்கினார், லஞ்சம் கொடுத்தார், பல வருடம் அலைந்தார். கடைசியில் கி.மு. 55-இல் சிரியாவின் ஆளுநர் ஔலஸ் காபினியஸ் தன் படையோடு எகிப்துக்குள் புகுந்து அவரை மறுபடியும் அரியணையில் உட்கார வைத்தார். பேசப்பட்ட விலை 10,000 தாலந்து. (அந்தப் படையெடுப்பில் குதிரைப்படைத் தலைவனாக இருந்தவன் இளம் மார்க் ஆன்டனி.) திரும்பிப் போகும்போது அரசனின் பாதுகாப்புக்கென்று காபினியஸ் ஒரு படையை விட்டுப் போனார். அவர்கள்தான் காபினியானி. கேமில் ஒரே மாதிரி ரோமானியச் சிப்பாய்களாகத் தெரிகிறார்கள், ஆனால் அவர்களில் கால் நாட்டு (இன்றைய பிரான்ஸ் பகுதி) குதிரை வீரர்களும் ஜெர்மானியக் குதிரை வீரர்களும் இருந்தார்கள்.

காபினியஸ் யாருடைய ஆள்? பொம்பேயஸின் ஆள். கி.மு. 67-இல் பொம்பேயஸுக்குக் கடல் முழுவதும் அதிகாரம் கொடுத்த சட்டத்தைக் கொண்டுவந்ததே இந்தக் காபினியஸ்தான். அந்த அதிகாரத்தை வைத்துத்தான் பொம்பேயஸ் கொள்ளையரை மூன்று மாதத்தில் அடக்கினார். செப்டிமியஸ் அவர் கீழ் வேலை பார்த்ததும் அந்தப் போரில்தான். தாலமியின் அப்பாவுக்கு ரோமில் ஆதரவாக நின்றதும் பொம்பேயஸ். ஆக, படகில் உட்கார்ந்திருந்த செப்டிமியஸின் படை வாழ்க்கை, அவன் எகிப்துக்கு வந்து சேர்ந்த வழி, கரையில் காத்திருந்த சிறுவனின் கிரீடம், எல்லாமே ஏதோ ஒரு வகையில் பொம்பேயஸ் கொடுத்தது. அவர் எகிப்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் அதுதான். தனக்கு நன்றிக்கடன் பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று நம்பினார்.

அந்த ஏழு வருடத்தில் காபினியானி என்ன ஆனார்கள் என்பதையும் சீசர் எழுதியிருக்கிறார். அலெக்சாண்டிரியாவின் தளர்ந்த வாழ்க்கை அவர்களுக்குப் பழகிவிட்டது. ரோமானியர் என்ற பெயரையும் கட்டுப்பாட்டையும் மறந்துவிட்டார்கள். உள்ளூரில் பெண் எடுத்து, பலருக்குப் பிள்ளைகளும் பிறந்துவிட்டன. எழுதியவர் அவர்களோடு போர் செய்த எதிரி என்பதால் வசை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படத்தைப் பாருங்கள்: வீடு, மனைவி, பிள்ளை, அரசன் தரும் சம்பளம். ரோம் திரும்பக் கூப்பிட்டால் போவார்களா? கி.மு. 50-இல் சிரியாவின் ஆளுநர் பிபுலஸ், ரோமின் கிழக்கு எதிரிகளான பார்த்தியர்களோடு சண்டை போட இவர்களைத் திரும்ப அழைத்து வரத் தன் இரண்டு மகன்களை அனுப்பினார். இவர்கள் அந்த இரண்டு பேரையும் கொன்றுவிட்டார்கள். கிளியோபாட்ரா கொலைகாரர்களைச் சங்கிலியில் கட்டி பிபுலஸிடம் அனுப்பினாள். தண்டிக்கும் உரிமை எனக்கில்லை, செனட்டுக்குத்தான் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த உள்நாட்டுச் சண்டையில் இந்தப் படை கிளியோபாட்ரா பக்கம் நிற்காமல் அவள் தம்பி பக்கம் நின்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

செப்டிமியஸுக்கும் மனைவி பிள்ளைகள் இருந்தார்களா என்பது பதிவில் இல்லை. ஆனால் அவன் வாழ்ந்த உலகம் இதுதான். உலக ரகசியத்தைத் தேடும் ரகசிய சபையில் சேர்ந்ததால் பொம்பேயஸைக் கொல்ல வேண்டிய அவசியம் அவனுக்கு வரவில்லை. புது எஜமானன் சொன்னான், பழைய எஜமானன் தோற்றுவிட்டான். அவ்வளவுதான். இதற்கு விளக்கமாக ஒரு சதிக்கும்பலைக் கொண்டுவந்ததும் அவன் குற்றம் சின்னதாகிவிடுகிறது.

ஒரு விஷயத்தில் இந்தக் கேமை மனதாரப் பாராட்ட வேண்டும். கொலைக்குப் பிறகு வந்த ரோமானிய இலக்கியம் பழியை எகிப்து மேல் போட்டது. நூறு வருடத்துக்கும் மேல் கழித்து எழுதிய கவிஞர் லூக்கன், நைல் நாட்டையே சபிக்கிறார். தலையை அறுத்தவன் செப்டிமியஸ்தான் என்று அவர் சொல்கிறார். உயிர் முழுதாகப் போகும் முன்னே, கழுத்தைப் படகின் குறுக்குப் பலகை மேல் வைத்து, நேரம் எடுத்து அறுத்தானாம். ஒரே வீச்சில் தலை வெட்டும் வித்தை அப்போது வரவில்லை என்று ஒரு குறிப்பு வேறு. அறுத்த பிறகு தலையைத் தூக்கிப் போகும் பெருமையை அக்கிலஸ் எடுத்துக்கொள்கிறான். ரோமானியன் ஒருவன் அந்த அளவுக்குத் தாழ்ந்துபோனானே என்று லூக்கனுக்கு ஆத்திரம். அது கவிதை, சாட்சியம் இல்லை. ஆனாலும் பழி எகிப்துக்கு, தலையை அறுத்த கை ரோமானியனுடையது என்ற முரண் அவர் வரிகளிலேயே தெரிகிறது. இந்தக் கேம் எகிப்தியன் ஒருவனின் கண்ணால் கதை சொல்லி, இந்தக் கொலையை ஒரு ரோமானியப் படையின் வேலையாகவே காட்டுகிறது. அரண்மனையில் தாலமிகளின் மாசிடோனியப் பரம்பரை, படையில் ரோமானியக் கூலி, நடுவில் மண்ணின் மக்கள் என்று மூன்று அடுக்கையும் அது தெளிவாகப் பிரித்துக் காட்டுவது பெரிய விஷயம்.

நரி என்ற பெயர் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. நமக்கு நரி என்றால் தந்திரம், அதனால் பெயர் பொருத்தம்தானே என்று தோன்றும். பழைய எகிப்தியருக்கு அப்படியில்லை. நரித்தலை கொண்ட அனுபிஸ் பிணத்தைப் பதப்படுத்தும் தெய்வம், கல்லறைக் காவலன், செத்தவனின் இதயத்தைத் தராசில் நிறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கும் நடுவன். இடுகாட்டைச் சுற்றித் திரிந்து பிணத்தைத் தோண்டும் மிருகத்தையே பிணத்தின் காவலனாக ஆக்கிக்கொண்டார்கள். உடல் சிதையக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கையின் அடித்தளம். ஒரு மனிதனின் தலையை அறுத்து, உடலை மணலில் நிர்வாணமாக எறிந்துவிட்டுப் போனவனுக்கு அனுபிஸின் மிருகத்தின் பெயரா? விலங்குத்தலைத் தெய்வங்களைக் கேவலமாகப் பார்த்தது ரோமானியர்கள். ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தில் அனுபிஸ் ரோமானியத் தெய்வங்களை எதிர்த்துக் குரைக்கிற தெய்வமாக வருகிறது. பாயெக்கைக் கதாநாயகனாக வைத்த கேம், இந்த ஒரு இடத்தில் ரோமானியக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டதோ என்று தோன்றுகிறது.

இனி சீசர் விஷயம்.

பொம்பேயஸ் செத்த சில நாளில் சீசர் அலெக்சாண்டிரியா வந்தார். 3,200 காலாட்படை, 800 குதிரைப்படை, அவ்வளவுதான். தியோடோட்டஸ் தலையைக் கொண்டுவந்து நீட்டினார். சீசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்திரை மோதிரத்தை மட்டும் வாங்கினார், அழுதார். மோதிரத்தில் வாள் பிடித்த சிங்கம் செதுக்கியிருந்தது. அது நடிப்பா உண்மையா என்று அந்தக் காலத்திலிருந்தே பேச்சு உண்டு. இரண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். பொம்பேயஸ் ஒரு காலத்தில் அவருடைய மருமகன், மகள் ஜூலியாவின் கணவர். அதே சமயம், உலகத்துக்கே மன்னிப்பு வழங்கிக் காட்ட நினைத்தவரிடமிருந்து அந்தப் பெரிய வாய்ப்பையும் அந்தக் கத்தி பறித்துவிட்டது.

மற்றவர்களின் முடிவு நமக்குத் தெரியும். பொத்தினஸை அலெக்சாண்டிரியாவிலேயே சீசர் கொன்றார். அக்கிலஸை, கிளியோபாட்ராவின் தங்கை அர்சினோயியின் ஆள் கனிமீடஸ் கொன்றான். சிறுவன் தாலமி கி.மு. 47-இல் நைல் போரில் தப்பியோடும்போது மூழ்கிச் செத்தான். தியோடோட்டஸ் தப்பித்துப் பல வருடம் அலைந்து, ஆசியாவில் புரூட்டஸ் கையில் சிக்கிச் சித்திரவதைப்பட்டுச் செத்ததாக புளூட்டார்க் சொல்கிறார். செப்டிமியஸ்? எதுவுமே இல்லை. முதல் குத்து குத்தியவனின் முடிவை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

கேமின் எழுத்தாளர்கள் இந்த ஓட்டைக்குள்தான் கை விட்டிருக்கிறார்கள். சீசர் அவனைக் காப்பாற்றி வைத்துக்கொள்கிறார் என்பது கற்பனை, ஆனால் வரலாற்றோடு மோதாத கற்பனை. தோற்றவர்களை மன்னித்துத் தன் பக்கம் சேர்த்துக்கொள்வது சீசரின் வழக்கம். பொம்பேயஸ் பக்கம் நின்று போரிட்ட புரூட்டஸையும் காசியஸையும் அப்படித்தான் சேர்த்துக்கொண்டார். அந்த மன்னிப்பு எங்கே போய் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால், பாயெக்கைச் சீசர் தடுக்கும்போது வரும் கோபம் கதாசிரியர்கள் திட்டமிட்டு வரவைத்த கோபம். கிளியோபாட்ரா, சீசர் என்று யாரை அரியணையில் ஏற்றினாலும் பாயெக்கின் நியாயம் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை என்று அவன் உணரும் இடம் அது. எனக்கும் முதல் தடவை கோபம்தான் வந்தது. இரண்டாவது தடவை ஆடியபோது, கேமின் மிகச் சரியான காட்சி இதுதான் என்று பட்டது.

பொத்தினஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேமில் அவன் 'தேள்'. நைல் போரில் யானை மேல் ஏறி வந்து பாயெக்கோடு மோதுகிறான். ஆடுவதற்கு அட்டகாசமான சண்டை, வரலாற்றில் வழியே இல்லை. அந்தப் போருக்கு முன்பே அவன் கதை முடிந்துவிட்டது. அவன் போட்ட சண்டையின் விதமே வேறு. பன்னிரண்டாம் தாலமி வைத்துவிட்டுப் போன கடனில் ஒரு கோடி திராக்மா (கிரேக்க வெள்ளிக்காசு) வேண்டுமென்று சீசர் கேட்டார். பொத்தினஸ், ரோமானிய வீரர்களுக்குப் பழைய கெட்டுப்போன தானியத்தை அளந்தான். ஊரான் சோறுதானே, பேசாமல் சாப்பிடுங்கள் என்றான். அரண்மனை விருந்தில் மரத்தட்டும் மண்தட்டும் வைத்து, தங்கம் வெள்ளியெல்லாம் சீசர் கடனுக்கு எடுத்துக்கொண்டார் என்று ஊருக்குச் சொன்னான். ஊர் கொதித்தது. கடைசியில் அவன் சதியை மோப்பம் பிடித்தது சீசரின் முடிதிருத்துபவர், எதையும் ஒட்டுக்கேட்கும் பயந்த சுபாவக்காரர் என்கிறார் புளூட்டார்க். யானையைவிட இந்த மண்தட்டு எனக்குப் பிடித்திருக்கிறது.

செப்டிமியஸின் முடிவுக்கு ரோமைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. கி.மு. 44 மார்ச் 15-இல் சீசர் குத்துப்பட்டது வழக்கமான செனட் கட்டடத்தில் இல்லை. பொம்பேயஸ் தன் அரங்கத்தோடு சேர்த்துக் கட்டிய மண்டபத்தில். விழுந்தது பொம்பேயஸின் சிலைக்கு அடியில். கேம் அதே நாளில் செப்டிமியஸின் கணக்கையும் முடிக்கிறது. பொம்பேயஸைக் கொன்றவனும் பொம்பேயஸைத் தோற்கடித்தவனும் ஒரே நாளில். இதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். பலர் கவனிக்காமலே கடந்துபோயிருப்பார்கள்.

அந்தப் படகுக் காட்சியை எப்படிச் செய்திருக்கலாம் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். சண்டை எதுவும் வேண்டாம். பிலிப்பாக நம்மைப் படகில் உட்கார வைத்தால் போதும். துடுப்புச் சத்தம், பேச்சில்லாத நாலைந்து நிமிடம், எதிரே ஒரு மனிதன் சுருளைப் படிக்கிறார், பக்கத்தில் ஒருவன் தலையாட்டுகிறான். கரை வந்ததும் அவர் கையைப் பிடிக்க ஒரு பட்டன். அதற்குப் பிறகு நரியைத் தேடி எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அலைந்திருப்பேன்.

பிலிப் என்ன ஆனான் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோரும் போகும் வரை உடல் பக்கத்திலேயே இருந்தான். கடல் தண்ணீரில் கழுவினான், தன் சட்டை ஒன்றைச் சுற்றினான். எரிக்க விறகு இல்லை. கரையில் கிடந்த ஒரு சின்ன மீன்பிடிப் படகின் மக்கிய பலகைகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, வயதான ரோமானியர் ஒருவர் வந்தார். இளம் வயதில் பொம்பேயஸின் முதல் போர்களில் உடன் இருந்தவர். "பொம்பேயஸுக்குச் சடங்கு செய்ய நினைக்கும் நீ யார்?" என்று கேட்டார். அவருடைய பழைய அடிமை என்றான் பிலிப். இந்த மரியாதை உனக்கு மட்டும் சொந்தமில்லை, எனக்கும் கொடு, இத்தனை வருடம் வேற்று நாட்டில் கிடந்ததற்கு என் தளபதியைத் தொட்டுச் சிதையில் வைக்கவாவது கிடைக்கட்டும் என்றாராம். இருவருமாகச் சேர்ந்து எரித்தார்கள்.

அன்றைக்கு அந்தக் கரையில் பொம்பேயஸின் பழைய சிப்பாய்கள் இரண்டு பேர் இருந்தார்கள். செப்டிமியஸின் பெயரைச் சீசர் எழுதினார், புளூட்டார்க் எழுதினார், இரண்டாயிரம் வருடம் கழித்து ஒரு கேமும் எழுதியது. பலகை பொறுக்கிய கிழவரின் பெயரை புளூட்டார்க் குறிக்கவில்லை.